அக்கா கிரீம்

என் வயதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நீங்களும் நம்பவில்லை. காகிதத்தில் இருந்த பிறந்த வருடத்தைப் பார்த்தீர்கள், என் முகத்தைப் பார்த்தீர்கள், மறுபடியும் காகிதத்தைப் பார்த்தீர்கள். பக்கத்தில் நின்ற பெண் காவலர் வாயை அடக்க முடியாமல், "மூஞ்சிக்கு என்ன போடுறீங்க?" என்று கேட்டேவிட்டாள். நல்ல தூக்கம் என்று சொன்னேன். அவள் சிரித்தாள், நீங்கள் சிரிக்கவில்லை.

வாக்குமூலத்தைக் கைப்பட எழுதிக் கொடுங்கள் என்றீர்கள். எழுதுகிறேன். யாரும் என்னை மிரட்டவில்லை, டீ கூட வாங்கிக் கொடுத்தீர்கள், சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். ஆனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மேடம். மூக்கைச் சிந்திக்கொண்டு, புத்தி பிசகிச் செய்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்று நான் எழுதப்போவதில்லை. என் புத்தி நன்றாகத்தான் இருந்தது. நீங்கள் என் இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கடைசியில் கேட்கலாம் என்றிருக்கிறேன்.

நான் முகப்பூச்சு செய்யும் தொழிற்சாலையில் கலவைக்கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள். குளிர்காலத்தில் வெடிப்புக்குப் போடுவது, வெயில் காலத்தில் சன்ஸ்கிரீன். ஆள் உயரத் தொட்டிகளில் எண்ணெயும் தண்ணீரும் ஒன்றாகச் சுழலும், அதற்குள் ஆக்ஸிபென்சோன் தூளைக் கொட்டுவோம். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரைப் பிடித்து வைத்துக்கொள்வது அந்தத் தூள்தான். அதற்கென்று ஒரு வாசனை உண்டு, லேசான தித்திப்பு, புது பிளாஸ்டிக் பையைப் பிரித்த மாதிரி. குளித்தாலும் போகாது. என் தலையணை உறையில் வருடக்கணக்காக அந்த வாசனை இருந்தது. நான் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, ஆகவே அதைக் குறை சொல்ல ஆளும் இல்லை.

எனக்கென்று இருந்தவன் தம்பி ஒருவன்தான். அம்மா போகும்போது அவன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான், அதற்குப் பிறகு அவனுக்கு நான்தான் அம்மா. இது நான் பீற்றிக்கொள்வது அல்ல, அவனே கண்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது. வளர்ந்து கடற்கரைப் பக்கம் போய்ப் படகு வாங்கினான். சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு பவளப்பாறைக்குப் போய், நீச்சல் முகமூடி மாட்டி இறக்கிவிட்டு, நீந்தவைத்துக் கூட்டிவருவான். எல்லோரும் அவனைக் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். ஓட்டை வாய். அவன் வாயில் ஒரு விஷயம் விழுந்தால் மாலைக்குள் கரை முழுக்கத் தெரிந்துவிடும். அதனாலேயே அவனை எல்லோருக்கும் பிடிக்கும்.

அவனுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதானபோது என்னுடையதில் ஒன்றைக் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை, நானே கொடுத்தேன். தையல் ஆறும்வரை அவன் வீட்டில் வந்து தங்கினேன். கொஞ்சம் நடமாட ஆரம்பித்ததும் ஒருநாள் என்னைப் படகில் ஏற்றிக்கொண்டு போனான். படகின் அடியில் ஒரு கண்ணாடி பதித்திருக்கும். அதன் ஓரத்தில் தலையணை போட்டு என்னைக் குப்புறப் படுக்கவைத்தான். முதலில் பச்சைத் தண்ணீர் மட்டும் தெரிந்தது. பிறகு திடீரென்று கீழே ஒரு ஊரே இருந்தது. மடிப்பு மடிப்பாக ஒன்று, கொம்பு கொம்பாக ஒன்று, மேசை மாதிரி விரிந்து கிடந்தது ஒன்று. ஊதா, மஞ்சள், பேர் தெரியாத நிறங்கள். அதற்கு நடுவே மீன்கள் வேலைக்குப் போகிறவர்கள் மாதிரி அவசரமாகப் போய் வந்துகொண்டிருந்தன.

"பாத்தியாக்கா, இதெல்லாம் கல்லுன்னு நெனச்சுக்கிட்டிருக்காங்க. ஒவ்வொண்ணும் உசிரு. லட்சம் லட்சமா சேர்ந்து கட்டியிருக்குங்க" என்றான்.

நான் அழுதேன். தையல் வலிக்கிறதோ என்று அவன் பதறிவிட்டான். வலி இல்லை. அவ்வளவு நாளும் வாழ்க்கையில் எதையும் பார்க்காமல் இருந்துவிட்டேன் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

அங்கிருந்து ஆட்கள் இறங்கி நீந்தும் இடத்துக்குப் போனோம். அங்கே தண்ணீரின் மேல் ஒரு எண்ணெய்ப் படலம் படர்ந்திருந்தது. பெட்ரோல் சிந்தின ரோட்டில் மழை பெய்தால் தெரியுமே, அதே வானவில். குனிந்து மோந்து பார்த்தேன். தித்திப்பு, புது பிளாஸ்டிக். என் தலையணை உறை.

அதற்குப் பிறகு வேலைக்குத் திரும்பிப் போகவில்லை. கிடைத்ததையெல்லாம் படித்தேன். அந்தத் தூள் பட்டால் குட்டிப் பவளம் நீந்துவதை விட்டுவிட்டுத் தன்னைச் சுற்றித் தானே எலும்பைக் கட்டிக்கொண்டு உள்ளேயே அடைபட்டுப் போகிறதாம். பெரியது வெளுத்துப் போகிறதாம். கடல் சூடாவதுதான் இதைவிடப் பெரிய காரணம் என்றும் எழுதியிருந்தார்கள். இருக்கட்டும். கடலை ஆறவைக்க என்னால் முடியாது. மனிதர்களின் முதுகில் என்ன தடவுகிறார்கள் என்பது என்னால் முடிகிற காரியம்.

படகுத்துறையில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு மேசை போடலாம் என்று நான்தான் சொன்னேன். வருகிறவர்கள் கொண்டுவந்த சன்ஸ்கிரீனை அங்கேயே வைத்துவிட வேண்டும், உடம்பில் இருப்பதைக் கழுவ வேண்டும், பவளத்துக்குக் கெடுதல் இல்லாத கிரீம் ஒன்றை நான் செய்து இலவசமாகக் கொடுப்பேன். தம்பி துள்ளிக் குதித்தான். அவன் மனைவி மட்டும் மிஷினை நிறுத்தாமல் தைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். தையற்காரி. நூலை அறுத்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"கிரீமே வேணாம் அண்ணி. நீச்சல் துணியில முழுக்கை, கழுத்து மூடுற மாதிரி சட்டை தச்சு வச்சிடலாம். வர்றவங்க போட்டுக்கிட்டு எறங்கட்டும், திரும்பி வந்து கழட்டிக் குடுக்கட்டும். தண்ணியில எதுவுமே கரையாதே."

"ஊரான் போட்டுக் கழட்டின சட்டைய யாரு போடுவா? படகுத்துறையா, சலவைக்கடையா?" என்று நான் கேட்டேன்.

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அவள் அதோடு விட்டுவிட்டாள். ஆனால் அவனுக்கென்று ஒரு சட்டை தைத்துக் கொடுத்தாள், கடல் நீலத்தில். மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்கள் வாழ்நாள் முழுக்க ஒரு மருந்து சாப்பிட வேண்டும். அந்த மருந்து, உடம்பு புது உறுப்பை வெளியே தள்ளாமல் இருக்க, உடம்பின் காவலையே தளர்த்தி வைக்கும். வெயிலால் தோலில் வரும் கேடுகளை எதிர்க்கிற காவலும் அதில் சேர்த்தி. ஆகவே வெயில் ஆகாது, தோலில் புற்றுநோய் வரும், சட்டையும் தொப்பியும் சன்ஸ்கிரீனும் இல்லாமல் வெளியே வரக்கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அவர் சொல்லும்போது நானும் அந்த அறையில் இருந்தேன். இதை மறைக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை.

முதல் வருடக் கிரீமில் துத்தநாகத் தூள் போட்டேன். கதிரைத் தடுக்கும், கரையாது, மணல் மாதிரி அடியில் போய்ப் படியும், எனக்குத் தெரிந்தவரை பவளத்துக்குத் தொந்தரவு குறைவு. ஒரே ஒரு கோளாறு, தடவினால் முகம் வெள்ளை வெளேரென்று ஆகும். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி. புதுசாகக் கல்யாணம் ஆன ஒரு பெண் போட்டோவைப் பார்த்துவிட்டு அழுதே விட்டாள். புருஷன்காரன், "பேய்ப் படம் எடுக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தான். அப்புறம் அவர்கள் உஷாராகிவிட்டார்கள். மேசையில் என் கண்ணெதிரில் பூசிக்கொள்வார்கள், படகு நகர்ந்ததும் துண்டால் துடைத்துவிட்டு, காலுறைக்குள்ளும் குழந்தையின் பால் பைக்குள்ளும் ஒளித்துவைத்த பாட்டிலை எடுப்பார்கள். பாறைக்கு மேலே மறுபடி அந்த வானவில்.

என்ன செய்யட்டும்? ஒவ்வொருத்தர் காலுறையையும் கழற்றிப் பார்க்க நான் என்ன போலீஸா?

துத்தநாகத்தைக் கொஞ்சம் குறைத்தேன். வெள்ளை குறைந்தது, முணுமுணுப்பும் குறைந்தது. இன்னும் குறைத்தேன். "இப்ப ரொம்ப நல்லாயிருக்கே, மாத்தினீங்களா?" என்று கேட்டார்கள். அடுத்த பருவம் தொடங்கும்போது ஒரு சிட்டிகைகூடப் போடவில்லை. எண்ணெய், மெழுகு, கற்றாழைச் சாறு, மூக்கை உறுத்தாத ஒரு வாசனை, அவ்வளவுதான். தடவினால் ஜில்லென்று இருக்கும். ஜில்லென்று இருந்தால் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொள்வது மனித சுபாவம். அந்த வருடம்தான் முதன்முதலாக யாரும் எதையும் ஒளித்துக் கொண்டுவரவில்லை. தங்கள் விலையுயர்ந்த பாட்டில்களைத் தாங்களே எடுத்து என் மேசையில் வைத்துவிட்டு, என் பாட்டில் பம்ப்பை இரண்டு தடவை அழுத்திக்கொண்டு போனார்கள். அக்கா கிரீம் என்று அவர்களாகத்தான் பெயர் வைத்தார்கள். ஊருக்குப் போகும்போது ஒரு பாட்டில் கிடைக்குமா என்று கேட்காதவர்கள் குறைவு. வாழ்நாளெல்லாம் தொட்டி தொட்டியாகக் கலக்கியிருக்கிறேன், ஒருத்தராவது என்னிடம் வந்து நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இருக்கக் கூடாதா?

மேசைக்குப் பின்னால் ஒரு பெரிய குடையின் கீழ் நான் உட்கார்ந்திருப்பேன். தம்பி புதிதாக வருகிறவர்களுக்கு என்னை அறிமுகம் செய்வது ஒரு கூத்து. "இவங்கதான் எங்க அக்கா. காலையில பவுடர் டப்பாவுக்குள்ள விழுந்து எந்திரிச்சு நேரா இங்க வந்துடுவாங்க." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வயசான காலத்தில் கொஞ்சம் பவுடர் பூசிக்கொண்டால் குடியா முழுகிவிடும்?

ஆட்களுக்குத் தோல் வெந்ததே, அது தெரியாதா என்று கேட்டீர்கள். தெரியும். ஆனால் வெயில் சூடு நீச்சலின்போது தெரியாது, அறைக்குப் போய்க் குளித்துவிட்டுப் படுக்கும்போதுதான் எரியும். எரிந்தால் யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்கே ஆச்சரியம். மறுநாள் தோளெல்லாம் தக்காளியாகச் சிவந்து வந்து, "சரியாத் தடவலைங்க, என் தப்புதான்" என்று என்னிடமே சொல்லிவிட்டு மறுபடி பம்ப்பை அழுத்துவார்கள். ஒரு தடவை ஒரு அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முதுகில் கொப்புளம் கொப்புளமாக நீர் கோத்திருந்தது. "ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ தடவணும்னு சொன்னீங்க, நான்தான் மறந்துட்டேன்" என்று தேம்பினாள். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. இனிமேல் மறக்காதே என்று சொல்லி ஒரு சின்னப் பாட்டிலில் நிரப்பிக் கொடுத்து அனுப்பினேன். கொப்புளம் ஒரு வாரத்தில் உலர்ந்துவிடும், மேடம். வெளுத்த பவளம் ஒரு வாரத்தில் திரும்புமா? மனிதனுக்கு நிழல் இருக்கிறது, எழுந்து போய் நின்றுகொள்ளலாம். அது எங்கே போகும்?

பாறை தேறியது. நான் கண்ணாடி வழியாக என் கண்ணால் பார்த்தேன். நீந்தும் இடத்தில் சாம்பல் பூத்துக் கிடந்த கொம்புகளின் நுனியில் நீலம் கண்டது. கட்டைவிரல் நகம் அளவுக்குப் புதுக் குட்டிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. தம்பி என் தோளைப் பிடித்துக் குலுக்கினான். "உன்னாலதான்கா. எல்லாம் உன்னாலதான்" என்றான். அந்த ஒரு நாளுக்காக நான் எதையும் கொடுப்பேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

இனி அவன் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் அதற்குத்தானே காத்திருக்கிறீர்கள்.

அவனுக்கு அவள் தைத்த நீலச் சட்டை படகுக் கொட்டகையில் ஆணியில் தொங்கியது. ஆரம்பத்தில் போட்டுக்கொண்டான். புழுங்குகிறது, கழுத்தை அறுக்கிறது என்று முனகிக்கொண்டேதான் போட்டான். என் கிரீம் பேர் வாங்கிய பிறகு ஒருநாள் அதைக் கழற்றி ஆணியில் மாட்டினான், மாட்டினதுதான். சோறு கொண்டுவந்த அவன் மனைவி பார்த்துவிட்டுச் சத்தம் போட்டாள்.

"டாக்டர் என்ன சொன்னாரு? சட்டையப் போடுங்க."

"அட போடி. எங்கக்கா கையால செஞ்சது மேலெல்லாம் பூசியிருக்கேன். அதுக்கு மேல சட்டை எதுக்கு? தொழிற்சாலையே நடத்தினவ அவ. உனக்குத் தெரியுமா, அவளுக்குத் தெரியுமா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் சொன்னால் கேட்பான் என்று அவளுக்குத் தெரியும். நான் பாட்டில்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். புருஷன் பெண்டாட்டிச் சண்டையில் நாத்தனார் தலையிடக் கூடாது என்று எல்லோரும்தானே சொல்கிறார்கள்.

அவனுக்காவது நல்லதைக் கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் மேசையைத் தட்டிக் கேட்டீர்கள். கொடுத்தேன். இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் என் மேல் இரக்கம் தேடுகிற மாதிரி ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன். மனசு கேட்காமல் அவனுக்கென்று தனியாகத் துத்தநாகம் போட்டுக் கலக்கி ஒரு பாட்டில் கொடுத்தேன். சில நாள் பூசிக்கொண்டான். கறுத்த உடம்பு, வெள்ளை அப்பிக்கொண்டு நின்றது. படகில் ஏறியவர்கள் விடுவார்களா? "கேப்டனுக்கு மட்டும் வேற கிரீமா?" என்று ஒருத்தன் கேட்டான். இந்த ஓட்டை வாய் என்ன சொல்லிற்று தெரியுமா?

"எங்கக்கா எனக்கு மட்டும் ஸ்பெஷலா செஞ்சு குடுத்தது. எனக்கு கிட்னி குடுத்தவளாச்சே, கிரீம் குடுக்க மாட்டாளா?"

அவ்வளவுதான். அப்போ எங்களுக்கு ஏன் இது இல்லை, அப்போ இது நல்லதில்லையா என்று படகே என் மேசைக்குத் திரும்பியது. ஒரு அம்மாள் தன் பழைய பாட்டிலைத் திருப்பிக் கேட்டாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர். அன்றைக்குப் பாறைக்கு மேலே வானவில் படர்ந்ததை நான் படகின் விளிம்பிலிருந்து பார்த்துக்கொண்டே திரும்பினேன். அந்த நகம் அளவுக் குட்டிகளுக்கு மேலே.

மறுநாள் அவன் பாட்டிலைக் கழுவி, எல்லோருக்கும் கொடுப்பதையே நிரப்பி வைத்தேன். "வெள்ளை போயிடுச்சேக்கா, சூப்பர்" என்றான். கவனக்குறைவு என்று உங்கள் தாளில் போட்டிருக்கிறீர்களே, அதை அடித்துவிடுங்கள். யோசித்துத்தான் நிரப்பினேன். உண்மையைச் சொல்லியிருந்தால் சாயங்காலத்துக்குள் கரை முழுக்கப் பரவியிருக்கும், மேசை போயிருக்கும், பாறை போயிருக்கும். சட்டையைப் போடு என்று மட்டுமாவது சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். அதைச் சொல்லத்தான் அவள் இருந்தாளே, தினமும் சொல்லிக்கொண்டுதானே இருந்தாள். அவள் சட்டைக்கு நான் ஏன் பரிந்து பேச வேண்டும்?

அப்படியே சில வருடங்கள் போயின. காது மடலில் முதலில் ஒரு சொரசொரப்பு. நான்தான் முதலில் பார்த்தேன். முகமூடிப் பட்டி உரசியிருக்கும் என்றான். நானும் அப்படித்தான் இருக்கும் என்றேன். பிறகு அது ஆறாத புண்ணாயிற்று. டாக்டர் பார்த்ததுமே முகம் மாறினார். சன்ஸ்கிரீன் போடுகிறாயா என்று கேட்டார். "ஒருநாள் தவறினதில்ல டாக்டர், எங்கக்கா செஞ்சது" என்று பெருமையாகச் சொன்னான். நல்லது, இன்னும் கெட்டியாகத் தடவு என்றார். தடவினான். காதில் பாதியை வெட்டி எடுத்தார்கள். அதற்குப் பிறகும் படகுக்குப் போனான், பாதிக் காதிலும் பூசிக்கொண்டு. அடுத்த வருடம் கழுத்தில் கட்டி. அதற்கடுத்து நுரையீரல்.

ஆஸ்பத்திரியில் அவன் படுக்கை ஜன்னலோரம். மத்தியானம் வெயில் நேராக அவன் முகத்தில் விழும். பேச்சு குறைந்துபோயிருந்தது, அவனுக்குப் பேச்சுக் குறைவதை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை. என் கையைப் பிடித்தான்.

"வெயில் அடிக்குதுக்கா. நம்ம கிரீம் கொஞ்சம் தடவிவிடேன்."

பையில் பாட்டில் இருந்தது. எடுத்து நெற்றியில், கன்னத்தில், மிச்சக் காதில் மெதுவாகத் தடவினேன். சின்ன வயசில் பள்ளிக்கூடம் கிளப்பும்போது முகத்தில் பவுடர் பூசிவிடுவேன், அதே மாதிரி கண்ணை மூடிக்கொண்டு முகத்தை நீட்டினான். "ஜில்லுன்னு இருக்கு" என்றான். இன்னொரு தடவை எடுத்துத் தடவினேன். நான் கல் இல்லை, மேடம்.

அவன் மனைவி கட்டிலின் அந்தப் பக்கம் நின்றிருந்தாள். போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். வெயில் போய்விட்டது. பிறகு என்னைப் பார்த்தாள். திரையை இழுக்க எனக்குத் தோன்றவில்லை, உண்மையிலேயே தோன்றவில்லை.

நாலைந்து நாளில் போய்விட்டான். இத்தனை வருடம் விடாமல் பூசியவனுக்கு இப்படி வரலாமா என்று டாக்டர் குழம்பியிருக்கிறார். அந்தப் பாட்டிலைக் கொஞ்சம் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். அவள் கொடுத்தாள். அதில் ஒன்றுமே இல்லை என்று ஆய்வில் வந்தது. முடிவு வந்த அன்று அவள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். "உங்களுக்குத் தெரியுமா அண்ணி?" என்று மட்டும் கேட்டாள். "தெரியும்" என்றேன். நான் பொய் சொல்கிறவள் இல்லை. அவள் நேராக உங்களிடம் வந்தாள்.

இப்போது அந்தப் படகை அவள்தான் நடத்துகிறாளாம். மேசையை எடுத்துவிட்டுக் கம்பி கட்டி, வரிசையாக முழுக்கைச் சட்டை தொங்கவிட்டிருக்கிறாளாம். வருகிறவர்கள் மறுபேச்சில்லாமல் போட்டுக்கொண்டு இறங்குகிறார்களாம். தண்ணீரின் மேல் ஒரு துளி எண்ணெய்கூட இல்லையாம், குட்டிகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றனவாம். இதைப் பெண் காவலர் சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் என்ன சொல்வேன் என்று. நான் என்ன சொல்ல? அந்தப் பாறை அவள் கைக்கு உயிரோடு போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் நான். அதை யாரும் அவளுக்குச் சொல்லப்போவதில்லை.

ஆகவே குறித்துக்கொள்ளுங்கள். கிரீமில் தடுப்பு எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். வெந்த குழந்தையின் தாய்க்கு அதையே மறுபடி கொடுத்தபோது தெரியும். தம்பிக்கு வெயில் எமன் என்று தெரியும், தெரிந்துதான் ஒவ்வொரு வருடமும் அவன் பாட்டிலை நிரப்பினேன். அவனைக் கொன்றது நான்தான் என்று நீங்கள் எழுதச் சொன்னீர்கள், எழுதிவிட்டேன். கூடவே இதையும் எழுதுகிறேன். அவனுக்குக் கிடைத்த பத்து வருடமும் என் உடம்பிலிருந்து வெட்டிக் கொடுத்தது. நான் கொடுத்திருக்காவிட்டால் புண் வர அந்தக் காதே இருந்திருக்காது. ஒரு ஆளையும் ஒரு கடலையும் தராசில் வைத்தால் நீங்கள் எதை எடுப்பீர்கள்? மனிதர்கள் வெயிலைக் கண்டு தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள், அதுதான் என் அபிப்பிராயம். கோர்ட்டிலும் இதையேதான் சொல்வேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். தினமும் இங்கே சிறையில் மத்தியானத்தில் முற்றத்தில் நடக்க விடுகிறார்கள். நல்ல விஷயம்தான், ஆனால் ஒரு மரம் கிடையாது, உச்சி வெயில் நேராக முகத்தில் இறங்குகிறது. வந்து இந்தச் சில நாளிலேயே கன்னம் கறுத்துவிட்டது. எனக்கிருப்பது ஒற்றைச் சிறுநீரகம், உடம்பை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். என் வீட்டுக் குளியலறை அலமாரியில் நீல மூடி போட்ட பவுடர் டப்பா ஒன்று இருக்கும். திறந்தால் உள்ளே பவுடர் இருக்காது, வெள்ளையாகக் கெட்டியாக ஒரு களிம்பு இருக்கும். முதல் வருடத்துக் கலவை. என்னுடையதை நான் மாற்றவே இல்லை. யாரையாவது அனுப்பி அதை எடுத்துவரச் சொல்லுங்கள். பக்கத்திலேயே பம்ப் வைத்த பாட்டில்கள் நிறைய இருக்கும், மறந்தும் அதைக் கொண்டுவந்துவிட வேண்டாம். இந்த வெயிலுக்கு அது எதற்கும் உதவாது.